உம்மாவின் இரண்டு பெட்டிகள்

2022இல் கொழும்பில் மருந்துத் தட்டுப்பாடு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாமசி பாமசியாக ஏறி இறங்கினேன். உம்மாவின் சீனி வருத்தத்துக்கு ஒரேயொரு பெட்டிதான் கிடைத்தது. பஹ்ரைனிலிருந்து தம்பி, ஊருக்கு வந்த ஒருவரிடம் இன்னொன்று கொடுத்தனுப்பினான்.

ஒரு வாரத்தில் உம்மா வயிற்றோட்டத்தால் சுருண்டு போனார். இரண்டையும் சேர்த்தே விழுங்கியிருக்கிறார்.

“ரெண்டும் வேற வேற பேருதானே மகன்?”

வைத்தியர் பெட்டிகளைத் திருப்பி, பொடி எழுத்தைக் காட்டினார். இரண்டிலும் ஒரே பெயர்: மெட்ஃபோர்மின்.

பஹ்ரைனும் நம்மைப் போல மருந்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் சிறு தீவு. கம்பனிக்கொரு பெயரில் ஒரே மருந்து வந்திறங்குகிறது. கம்பனிப் பெயரால் அல்ல, மருந்தின் சொந்தப் பெயரால்தான் எழுதவும் வாங்கவும் வேண்டும் என்று போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். அவர் அதைச் சொன்னது விலை குறைய. எனக்கு அது உம்மாவின் உயிர்.

1977இல் அவர் கயானாவில் காலமானார்.

இப்போது மருந்து வந்தால், பெட்டியின் மேல் தமிழில் பெரிதாக அதன் சொந்தப் பெயரை எழுதிய பிறகே உம்மாவின் கையில் கொடுக்கிறேன்.