அப்பாவின் காரும் அத்தையின் பொம்மையும்

'காருக்கு நீங்களே சீலன்ட் பூசலாம்... 5 ஈஸி டிப்ஸ்!' - சென்னை அலுவலகத்தில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் நான் எழுதிய கட்டுரை. அதுவரை நான் ஒரு காரைக் கழுவியதுகூட இல்லை.

விருத்தாசலத்தில் வாடகைக் கார் ஓட்டும் அப்பா அதை வரி விடாமல் படித்திருக்கிறார். மகள் எழுதியதாச்சே! பாட்டில் வாங்கி, மதிய வெயிலில் காரை நிறுத்தி, தாராளமாகப் பூசிவிட்டார். அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். கருநீல பானெட் முழுக்கத் திட்டுத் திட்டாக வெள்ளைப் படலம்.

"நீ எழுதின மாதிரிதான் பாப்பா செஞ்சேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னதுதான் வலித்தது. சவாரிக்கு வருபவர்கள் 'என்னண்ணே, வண்டிக்குத் தேமலா?' என்று கேட்கிறார்களாம்.

எங்கள் ஊர் செராமிக் பொம்மைகளுக்குப் பேர்போனது. அத்தைக்கு அந்தப் பொம்மைகளுக்கு கிளேஸ் போடும் வேலை. பானெட்டைத் தடவிப் பார்த்தவர், "அடியில தூசி அப்படியே இருக்கு. மேல கனமா வேற பூசியிருக்க. பொம்மையா இருந்தா இந்நேரம் கழிச்சுப் போட்டிருப்பாங்க" என்று தம்பியைக் கடிந்துகொண்டார்.

முதல் சூளையில் வெந்த பொம்மையில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால், அடுத்த சூட்டில் கிளேஸ் அந்த இடத்தில் ஒட்டாமல் சுருண்டு விலகிவிடும். கனமாக இருந்தால் உருகி வழியும். இதெல்லாம் அத்தைக்கு அத்துப்படி. கட்டுரை எழுதிய எனக்குத் தெரியவில்லை. பாட்டிலின் பின்பக்கத்தை அன்றுதான் முழுசாகப் படித்தேன்.

மறுநாள் விடியற்காலையில், ஷெட் நிழலில் மூவரும் இறங்கினோம். லேசான பாலிஷால் திட்டுகளை எடுத்தோம். ஷாம்பூ போட்டுக் கழுவித் துடைத்தோம். விரலில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு தடவினால், கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பும் தட்டுப்பட்டது. அதை எடுக்க ஒரு களிமண் கட்டி விற்கிறார்கள். ஈரம் தெளித்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். "இங்கயும் களிமண்ணா!" என்று அத்தை சிரித்தார்.

தகரம் குளிர்ந்திருக்கிறதா எனத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஸ்பாஞ்சில் நாலைந்து சொட்டு மட்டும் விட்டு, ஒரு கதவுக்கு ஒரு தடவையாக, முதலில் குறுக்காக, பிறகு நெடுக்காக மெல்லிசாகப் பூசினோம். பனி படர்ந்ததுபோல் மங்கியதும், சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தோம். அன்று முழுக்கத் தண்ணீர் படவிடவில்லை. அப்பாவுக்கு ஒரு நாள் சவாரி போச்சு.

சென்னை திரும்பியதும் அந்தக் கட்டுரையைத் திருத்தி எழுதினேன். வெயிலில் பூசக் கூடாது என்பதை முதல் வரியாக வைத்தேன். தலைப்பிலிருந்த 'ஈஸி'யை எடுத்துவிட்டேன்.

முதல் மழையன்று அப்பா போன் செய்தார். "தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுது பாப்பா. அடுத்து என்ன எழுதப்போற?"

"செஞ்சு பார்த்துட்டு எழுதுறேன்ப்பா" என்றேன்.