ஒன்பது மணிக்கு ஸ்விட்ச், ஒன்பதே காலுக்கு வேலை!

ராணிப்பேட்டை சிப்காட்டில், ஷூவின் மேல்பகுதியான 'அப்பர்' தைத்துக் கொடுக்கும் சிறிய பிரைவேட் லிமிடெட் நிறுவனம் அது. தையல் மெஷின்கள் ஓடும் கூடத்தை ஒட்டிய சின்ன அறையில்தான் கணக்காளர் அம்மாவுக்கு மேஜை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

காலை ஒன்பது மணிக்கு வந்ததும், கைப்பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கம்ப்யூட்டர் ஸ்விட்சைப் போட்டுவிடுவார். பிறகு வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பார். முந்தைய நாள் பில்களை அடுக்கிவைப்பார். டீ வரும், குடித்து முடிப்பார். அதன் பிறகும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கணக்கு எழுதும் மென்பொருள் திறக்க ஒன்பதே கால் ஆகிவிடும்.

"வண்டி பழசாயிடுச்சு, வேற வாங்கிடலாம்மா" என்றார் முதலாளி.

"இருக்கட்டும் பாய், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டாரே தவிர, அவர் மனதில் வேறொரு பயம். புது மெஷின் வந்தால் அதற்கு ஏற்ற புது ஆளும் வந்துவிடுவாரோ?

சென்னையில் வேலை பார்க்கும் மகனிடம் அன்று இரவு போனில் புலம்பினார். மகன் கேட்ட முதல் கேள்வியே வித்தியாசமாக இருந்தது. "ஸ்விட்ச் போட்டதும் உன் கம்ப்யூட்டரோட சேர்ந்து எத்தனை புரோகிராம் எழுந்திருக்குதுன்னு பார்த்திருக்கியாம்மா?"

மறுநாள் மாலை, மகன் சொன்னபடி கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் ஒன்றாக அழுத்தினார். டாஸ்க் மேனேஜர் திறந்தது. அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போனால் ஒரு நீண்ட பட்டியல்! கொரோனா காலத்தில் மீட்டிங்குக்காக இறக்கிய இரண்டு செயலிகள், எப்போதோ தூக்கிப்போட்ட பிரின்டரின் உதவி மென்பொருள், யாரோ பாட்டுக் கேட்கப் போட்ட செயலி, 'புது வெர்ஷன் வந்திருக்கிறதா' என்று பார்ப்பதற்கென்றே மூன்று. யாரும் அழைக்காமலேயே தினமும் காலையில் எல்லாம் ஆஜர்.

ஏன் இப்படி நடக்கிறது?

பல மென்பொருட்கள், நிறுவும்போதே 'கணினி ஆன் ஆனதும் நானும் தொடங்குவேன்' என்று தம் பெயரைப் பதிந்துகொள்கின்றன. 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போகிற அவசரத்தில் அதை நாம் கவனிப்பதில்லை. பழைய கணினிகளில் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க். அதில் தகவலைப் படிக்கும் முனை, கேட்கும் ஒவ்வொரு மென்பொருளுக்காகவும் இங்கும் அங்கும் ஓட வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால் எல்லோருக்கும் தாமதம்தான்.

விண்டோஸ் 8 முதல் இந்தப் பட்டியல் டாஸ்க் மேனேஜரிலேயே இருக்கிறது. எது அதிகச் சுமை தருகிறது என்பதை 'ஹை, மீடியம், லோ' என்று அதுவே காட்டும். வேண்டாததன் மேல் ரைட் கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுத்தால் போதும். மென்பொருள் அழிந்துவிடாது, தானாகத் தொடங்காது, அவ்வளவுதான். வேண்டும்போது நாமே திறந்துகொள்ளலாம்.

கணக்காளர் அம்மாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பட்டியலில் இருந்த அத்தனையையும் டிசேபிள் செய்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

மறுநாள் இரண்டே நிமிடத்தில் கம்ப்யூட்டர் தயார். டீ வரும்போது பாதி பில்களைப் பதிந்து முடித்திருந்தார்.

ஆனால், அன்று தேதி 20. மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்பவர்களுக்குக் கடைசி நாள். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவிகித வட்டி வேறு. மாலையில் எல்லாவற்றையும் நிரப்பி முடித்ததும், முதலாளி தன் டிஜிட்டல் கையொப்ப டோக்கனைக் கொண்டுவந்து செருகினார். பென் டிரைவ் போல இருக்கும் அந்தக் கருவியில்தான் அவருடைய கையொப்பச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால், திரையில் சான்றிதழ் எதுவுமே தெரியவில்லை. கழற்றி மாட்டினார்கள். வேறு துளையில் செருகிப் பார்த்தார்கள். ம்ஹூம்!

முதலாளி பக்கத்திலேயே நிற்கிறார். கணக்காளர் அம்மாவுக்கு வியர்த்துவிட்டது. மகனுக்கு போன் போட்டார்.

"நேத்து எதையெல்லாம் நிறுத்தினம்மா?"

"எல்லாத்தையும்தான்டா."

"அதுல டோக்கனோட சாஃப்ட்வேரும் இருந்திருக்கும். அதை மட்டும் எனேபிள் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணு."

செய்தார். அந்த இரண்டு நிமிடம், பழைய கால் மணி நேரத்தைவிட நீளமாக இருந்தது. சான்றிதழ் தெரிந்தது. முதலாளி பாஸ்வேர்டு போட்டார். தாக்கல் ஆனது.

"நான்தான் பாய் தெரியாம நிறுத்திட்டேன்" என்று தானே சொல்லிவிட்டார். முதலாளி சிரித்தார். "பரவாயில்லைம்மா. காலையில பார்த்தேன், சீக்கிரமே திறந்துடுச்சே! இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம் போல."

நீங்களும் செய்யலாம்

ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தாதீர்கள். நாளுக்கு இரண்டு என நிறுத்தி, வேலை தடைபடாமல் நடக்கிறதா என்று பாருங்கள். ஆன்டிவைரஸ், டோக்கன் மென்பொருள், டச்பேட், ஒலி தொடர்பானவற்றில் கை வைக்காதீர்கள். பெயர் புரியவில்லையா? அதன்மேல் ரைட் கிளிக் செய்தால் இணையத்தில் தேடும் வசதி அங்கேயே இருக்கிறது. நிறுத்தியவற்றின் பெயர்களை எழுதி வையுங்கள்.

சில ஆண்ட்ராய்டு போன்களிலும் செட்டிங்ஸில் 'ஆட்டோ ஸ்டார்ட்' என்ற பகுதி உண்டு. அங்கும் இதே நிதானம் தேவை. மெசேஜ் செயலியை நிறுத்திவிட்டால், அவசரச் செய்தி வந்ததே தெரியாமல் போகலாம்.

இப்போது அந்த மானிட்டரின் ஓரத்தில் ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருக்கிறது. மூன்று மென்பொருட்களின் பெயர்கள். அதன் கீழே கணக்காளர் அம்மாவின் கையெழுத்தில், 'இவற்றைத் தொடாதே'. பக்கத்து யூனிட்டில் கம்ப்யூட்டர் மெதுவானால், இப்போதெல்லாம் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.