மயங்கிய மழலையின் மூச்சு

பிள்ளைக்கு அறுவைச் சிகிச்சை என்றால், மயக்க மருத்துவராகிய என்னிடம் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மயக்கம் நன்றாகத் தெளிந்துவிடுமா, டாக்டர்?" மயங்கியிருக்கும் நேரத்தில் பிள்ளை எவ்வாறு மூச்சு விடும் என்று வினவுவோர் அரிது. எங்கள் கவலை முழுவதும் அதில்தான் அடங்கியுள்ளது.

மயக்கத்தில் நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கும். சிறுவரின் நாக்கோ வாயின் அளவுக்குப் பெரியது; குரல்வளை சற்று உயரத்தில் அமைந்தது; டான்சில் சதையும் பலருக்குப் பருத்திருக்கும். எடைக்கு எடை பார்த்தால் பெரியவரைப் போல் ஏறத்தாழ இருமடங்கு பிராணவாயு அவர்களுக்குத் தேவை. ஆகவே, சிறிது தடையும் விரைவில் ஆபத்தாகிவிடும்.

மூச்சுத் திணறுவோர் தொண்டையில் பொன் அல்லது வெள்ளிக் குழாயைச் செலுத்தலாம் என்று இப்னு சீனா தமது 'அல்கானூன்' நூலில் குறித்தார். இன்று சிறிய அறுவைகளில் பெரிதும் பயன்படுவது லாரிஞ்சியல் மாஸ்க். இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஆர்ச்சி பிரைன் 1981இல் உருவாக்கிய இக்கருவி, மூச்சுக்குழாய்க்குள் நுழையாமல் குரல்வளையின் வாயில்மீது கிண்ணம்போல் கவிந்து அமரும். 5 கிலோவுக்குக் குறைந்த பச்சிளம் சிசுவுக்கும் அளவு உண்டு.

இதனைச் செலுத்த மூன்று முறைகள் வழக்கில் உள்ளன. முதலாவது, பிரைன் கற்பித்தது: காற்றை இறக்கிய கிண்ணத்தை விரலால் மேலண்ணத்தோடு அழுத்திச் செலுத்துவது. சிறுவர்களில் சில வேளை அதன் நுனி தொண்டையின் பின்புறம் மடங்கி நின்றுவிடும். இரண்டாவது, கிண்ணத்தில் சிறிது காற்றை வைத்து, வாயின் பக்கவாட்டில் சாய்த்து நுழைப்பது. மூன்றாவது, கிண்ணத்தின் வாய் அண்ணத்தை நோக்க உள்ளே செலுத்தி, நாக்கைக் கடந்ததும் 180 பாகை சுழற்றுவது. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கழக மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஒப்பாய்வில், முதல் முயற்சியிலேயே மிகுதியும் வெற்றி கண்டது இந்தச் சுழற்று முறையே.

முதல் முயற்சியில் ஏன் இத்துணை அக்கறை? மீண்டும் மீண்டும் முயன்றால் மென்மையான தொண்டை புண்படும், இரத்தம் கசியும், குரல்வளை இறுகிக்கொள்ளவும் கூடும். எனவே ஒரு முறை கைகூடாவிடில் பிடிவாதம் கொள்ளாது, பிராணவாயு அளித்து, வேறு முறையை நாடுவதே அறிவுடைமை.

ஆனால் எம்முறையில் செலுத்தினாலும், இக்கருவி உணவுக்குழாயை முற்றாக அடைக்காது. வயிற்றில் உணவு இருந்து மேலெழுந்தால், அது நுரையீரலில் புரையேறி உயிருக்கே உலை வைக்கும். மருத்துவர் கையில் இல்லாத இப்பகுதி வீட்டார் கையில் இருக்கிறது.

நம் வீடுகளில் சுன்னத் நாள் கொண்டாட்ட நாள். ஒரு பேரனுக்குச் சுன்னத் செய்யவிருந்த காலையில், அவனுடைய உம்மம்மா என்னைத் தனியே அழைத்து, "புள்ளை பசியில் அழுதான் தம்பி, மனசு கேட்கவில்லை, ஒரு துண்டு வட்டிலப்பம் ஊட்டிவிட்டேன்" என்றார். பிள்ளையின் வாப்பா வெகுண்டார். நானோ அம்மூதாட்டிக்கு நன்றி கூறி, மறுநாளைக்கு ஒத்திவைத்தேன். விருந்தினர் முணுமுணுத்தனர், ஆயினும் மறுநாள் பிள்ளை நலமே வீடு திரும்பினான். அந்த ஒரு வாய்ச் சொல் செய்த உதவியை எந்தக் கருவியும் செய்திருக்க முடியாது.

உணவுக்கும் பசும்பாலுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம் என்பது நெடுநாளைய கணக்கு. சில மருத்துவமனைகள் நீருக்கான நேரத்தை 1 மணியாகக் குறைத்துள்ளன. உங்கள் மருத்துவர் கூறுவதைப் பின்பற்றுங்கள். அதற்குமேல் பட்டினி போடவும் வேண்டாம், இது நோன்பன்று. சளி, இருமல், ஆடும் பல், முன்பு மயக்கத்தில் நேர்ந்த தொல்லை எதையும் மறைக்காதீர்கள்.

முயற்சி நம்முடையது, காப்பவன் அல்லாஹ். நம் மழலையர் அனைவருக்கும் அவன் நிறைந்த ஆஃபியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.