சிபாரிசும் வாசிப்பும்

‘சிபாரிசு’ என்ற சொல் நம்மிடம் கெட்டுப்போய் வெகுகாலமாகிறது. சிபாரிசில் வந்தவன் என்றால் தகுதியில்லாமல் வந்தவன் என்றுதான் அர்த்தம். கறை தெரியாமலிருக்கப் ‘பரிந்துரை’ என்று சுத்தமான ஒரு சொல்லை உண்டாக்கிக்கொண்டோம். சொல் மாறியதே தவிர சந்தேகம் மாறவில்லை. ஒருவனுடைய தகுதியைப் பற்றி இன்னொருவன் சொல்வதை நம்பலாம் என்ற எண்ணம் நம் பொதுவாழ்வில் அநேகமாக இல்லை. விமர்சனம் என்ற காரியமோ இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கவேண்டியிருக்கிறது. இங்கே அது படும் பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

நான் வங்கிக் குமாஸ்தாவான விதத்தையே சொல்லலாம். முதல்நிலைத் தேர்வில் 60 நிமிஷத்தில் 100 கேள்விகள். ஒவ்வொரு தப்பு விடைக்கும் கால் மதிப்பெண் கழிவு. பிறகு முதன்மைத் தேர்வு. நேர்முகம் கிடையாது. என்னைத் தேர்ந்தெடுத்தவர் என்று சுட்டிக்காட்ட ஒரு மனிதரும் இல்லை. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. வாங்கியவன் அந்த மூன்று வருஷத்தில் எதை வாசித்தான் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை. இதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. யாரையும் தெரியாத குடும்பத்திலிருந்து வருகிறவனுக்கு முகம் பார்க்காத தேர்வு ஒரு தர்மம்.

இதற்கு நேர் எதிரான ஒரு முறையைப் பற்றிச் சில மாதங்களாகக் கேட்டுவந்தேன். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன் அமெரிக்காவில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக் கழகத்தில் கம்ப்யூட்டர் விஞ்ஞானம் போதிக்கிறான். புதிய உதவிப் பேராசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அவனைப் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசும்போது, பெயர்களை விட்டுவிட்டு, காரியம் நடக்கும் முறையைச் சொல்வான்.

இலையுதிர்காலத்தில் விளம்பரம். டிசம்பர் வாக்கில் நூற்றுக்கணக்கான மனுக்கள். ஒவ்வொன்றிலும் செய்த ஆராய்ச்சி, செய்ய நினைக்கும் ஆராய்ச்சி, போதனை பற்றிய அறிக்கைகள். கூடவே மூன்று முதல் ஐந்து கடிதங்கள், மனுப் போட்டவர் பார்க்க முடியாதவை. அவற்றிலிருந்து சிலரைப் பொறுக்கி, பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் வரவழைத்து, ஒருநாளோ இரண்டுநாளோ வைத்துப் பேசுகிறார்கள். அரைமணிக்கொரு பேராசிரியரின் அறை, ஒரு மணி நேரச் சொற்பொழிவு, இரவுச் சாப்பாடு. சாப்பாடும் பரீட்சைதான். கடைசியில் துறை கூடி விவாதித்து வாக்களிக்கிறது, டீன் ஒப்புகிறார். ஆறு வருஷம்போல் கழிந்தபின் மறுபடி வெளியாரின் கடிதங்களைக் கேட்டு வாங்கி, நிரந்தரமா வெளியேற்றமா என்று தீர்க்கிறார்கள். மார்க் என்று ஒன்று எங்குமே கிடையாது. முதலிலிருந்து முடிவுவரை அபிப்பிராயம்.

அந்தக் கடிதங்களை ஓர் இலக்கிய வகையாகவே கருதலாம். அதன் உயிர் ஒப்பீட்டில் இருக்கிறது. இன்னார் இதே கட்டத்தில் இருந்தபோது செய்ததைவிட இது ஒரு படி மேல், இன்னாருக்குச் சமம், இன்னாரை எட்டவில்லை என்று பெயர் சொல்லி எழுதவேண்டும். ஒப்பிடாமல் புகழ்ந்தால் சந்தேகிப்பார்கள். ‘கடின உழைப்பாளி’ என்று மட்டும் எழுதினால் ஆள் தீர்ந்தான். வங்கிகள் ஒரு வாடிக்கையாளரைப் பற்றித் தங்களுக்குள் ரகசியமாக எழுதிக்கொள்ளும் அபிப்பிராய அறிக்கையிலும் இந்த நயம் உண்டு. ‘திருப்திகரம்’ என்பதற்கும் ‘மிகவும் திருப்திகரம்’ என்பதற்கும் நடுவே லட்சங்கள் நிற்கும். நம் கவிதைத் தொகுதிகளின் முன்னுரைகளை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஒவ்வொருவரும் முதல்வர். இரண்டாமவர் என்று ஒருவர் தமிழில் எழுதியதே இல்லை.

அபிப்பிராயத்தால் ஒரு துறையையே உண்டாக்க முடியும் என்பதற்கு ஸ்டான்ஃபோர்ட் சாட்சி. ஜார்ஜ் ஃபோர்ஸைத் 1957இல் அங்கே கணித இலாகாவுக்கு வந்தவர். 1961இல் அதற்குள் ஒரு பிரிவு, 1965இல் தனித் துறை. கம்ப்யூட்டர் விஞ்ஞானம் என்று ஒரு விஞ்ஞானம் உண்டா என்பதே விவாதத்தில் இருந்த காலம் அது. அளக்கக் கோல் இல்லை, பின்பற்ற மரபில்லை. 1962இல் ஜான் மெக்கார்த்தியும் ஜீன் கோலபும், 1963இல் நிக்லௌஸ் விர்த், 1965இல் எட்வர்ட் ஃபைகன்பாம், 1968இல் டொனால்ட் கனூத் என்று ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். 1972இல் ஃபோர்ஸைத் இறந்தபோது துறை என்ன என்ற கேள்வியை யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை; அந்த மனிதர்களே பதில்.

அவர்களில் ராபர்ட் ஃபிளாய்டின் விஷயம் எனக்குத் தனியாகப் பிடிக்கும். சிகாகோவில் 17 வயதில் பி.ஏ., அதுவும் பொதுவான கலைக் கல்வியில். பிறகு 1958இல் பௌதிகத்தில் இன்னொரு பட்டம். பிழைப்புக்குக் கம்ப்யூட்டர் இயக்குபவர் வேலை. டாக்டர் பட்டம் அவர் வாங்கவேயில்லை. 27 வயதுக்குள் கார்னெகியில் இணைப் பேராசிரியர். ஆறு வருஷம் கழித்து ஸ்டான்ஃபோர்டில் முழுப் பேராசிரியர். நிரல்களுக்கு எப்படி அர்த்தம் கற்பிப்பது என்று 1967இல் அவர் எழுதிய கட்டுரையைத் துறை இன்னும் மறக்கவில்லை. 1978இல் டூரிங் பரிசு. எந்தத் தகுதிப் பட்டியலை வைத்துச் சலித்திருந்தாலும் அவர் சல்லடையின் மேலேயே நின்றிருப்பார். யாரோ அவர் எழுதியதைப் படித்திருந்தார்கள் என்பதுதான் அவருக்கு வேலை கிடைத்ததன் ரகசியம். கிண்டி எஞ்சினியரிங் கல்லூரியில் 1958இல் பட்டம் வாங்கிய ராஜ் ரெட்டி, ஆஸ்திரேலியா வழியாக ஸ்டான்ஃபோர்ட் போய், 1966இல் அங்கேயே டாக்டர் பட்டம் பெற்று அங்கேயே ஆசிரியராகி, 1969இல் கார்னெகி மெல்லனுக்குப் போனதும் அந்தக் காலத்தில்தான். துறை அப்போது ஒரு சிறுபத்திரிகை மாதிரி இருந்தது. எழுதுகிறவர்களே வாசகர்கள், எழுதப்பட்டதில் முக்கியமானதையெல்லாம் படித்துவிட முடிந்தது.

வளர்ந்தபின் என்ன ஆயிற்று? அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில் யார் எங்கே படித்து எங்கே ஆசிரியரானார்கள் என்று சுமார் 19,000 பேரை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து 2015இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் விஞ்ஞானப் பேராசிரியர்களில் பாதிப்பேர் 18 பல்கலைக் கழகங்களிலிருந்து வந்தவர்கள். நூற்றுக்கணக்கான மனுக்களை யாரால் படிக்க முடியும்? கடிதத்தைப் பார்க்கிறார்கள், கடிதத்தைவிடக் கையெழுத்தைப் பார்க்கிறார்கள். அப்போது பரிந்துரை பழையபடி நம் சிபாரிசாகிவிடுகிறது. கெட்ட எண்ணம் ஒன்றும் தேவையில்லை. நேரமின்மை போதும்.

நண்பனின் குழுவுக்கும் அப்படி ஒரு மனு வந்தது. பெரிதாகப் பெயரில்லாத பல்கலைக் கழகம். கடிதம் எழுதியவர்கள் எவரையும் குழுவில் யாருக்கும் தெரியாது. கடிதங்களும் ஒப்பிடத் தெரியாத, சாதுவான கடிதங்கள். ஒதுக்கிய பட்டியலில் கிடந்த அந்தப் பெண்ணின் ஆய்வேட்டை இவன் மூன்று இரவு உட்கார்ந்து முழுக்கப் படித்தான். கூட்டத்தில், கடிதத்தை விடுங்கள், நாலாம் அத்தியாயத்தைப் பற்றிப் பேசுவோம் என்றானாம். இன்னும் இரண்டு பேர் படித்தார்கள். அழைத்தார்கள். வந்து பேசினாள். வாக்கும் சாதகமாக விழுந்தது. சம்பளம், ஆராய்ச்சி தொடங்கப் பணம், முதல் வருஷம் குறைந்த வகுப்புகள் என்று எல்லாம் எழுதி அனுப்பினார்கள். அவள் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டாள். பல மடங்கு சம்பளம். எந்தப் பல்கலைக் கழகத்திடமும் இல்லாத அளவுக்கு யந்திரங்கள்.

இது புதிதல்ல. 1981இலேயே பீட்டர் டென்னிங் இதை விதைநெல்லைத் தின்பதாகச் சொல்லி எழுதினார். அப்போது அங்கே இத்துறையில் வருஷத்துக்குச் சுமார் 250 பேர்தான் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கம்பெனிகள் அவர்களை அள்ளிக்கொண்டு போயின. செயற்கை நுண்ணறிவில் டாக்டர் பட்டம் வாங்கியவர்களில் 2011இல் கம்பெனிக்கும் கல்விக்கும் ஏறக்குறைய சமமாக, நூற்றுக்கு 41 பேர்போல் போனார்கள். 2022இல் கம்பெனிக்குப் போனவர்கள் 70க்கு மேல், கல்விக்கு 20. விதைநெல் என்ற சொல்லுக்கு நமக்கு விளக்கம் வேண்டாம். ஆனால் நம் ஊர்களில் பஞ்சத்தில்தான் அதில் கை வைத்தார்கள். அறுவடை அமோகமாக இருக்கும்போதே விதைநெல்லைத் தின்னும் வினோதம் அங்கே நடக்கிறது.

“மூணு ராத்திரி போச்சே, வருத்தமா இல்லையாடா?” என்று கேட்டேன்.

“இருக்கு. ஆனா அந்த நாலாவது சேப்டரை எங்க டிபார்ட்மெண்ட்ல இப்ப மூணு பேர் படிச்சிருக்கோம். அதுல ஒருத்தர் அதை வச்சு வேலையே ஆரம்பிச்சுட்டார்” என்றான்.

இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்தேன். அவளுடைய வேலையைப் பற்றிய தீர்ப்பு, அவள் வந்தாலும் வராவிட்டாலும் நின்றுவிட்டது. வாசித்துச் சொன்ன அபிப்பிராயத்துக்கு இந்தக் குணம் இருக்கிறது. அது பதவியைச் சார்ந்து வாழ்வதில்லை.

என்னை வேலைக்கு எடுத்த தேர்வு நேர்மையானது. யாரையும் எதையும் வாசிக்கும்படி அது கேட்பதில்லை. அதனால் யாரும் அதில் ஏமாற்றவும் முடிவதில்லை. ஆனால் அந்தத் தேர்வால் ஒரு ஃபிளாய்டைக் கண்டுபிடிக்க முடியாது. அபிப்பிராயத்தால் முடியும், ஒருவராவது உட்கார்ந்து படிக்கிறவரைக்கும் முடியும். படிப்பது நின்ற அன்றே அது செல்வாக்கு, கோஷ்டி, ஊர்ப் பாசம் எல்லாமாகிவிடும். நம் இருநூறு முந்நூறு பிரதிப் பத்திரிகைகளுக்கும் விதி இதுதான். நமக்கு மனுக்கள் நூற்றுக்கணக்கில் வருவதில்லை. நேரமில்லை என்று சொல்ல நமக்கு நியாயமும் இல்லை. ஒருவர் தொகுதியை இன்னொருவர் கடைசிப் பக்கம்வரை படித்து, இன்னாரைவிட மேல், இன்னாருக்குக் கீழ் என்று பெயர் போட்டு எழுதினால் போதும். சில நட்புகள் முறியும். முறியட்டும்.