மாசி மாசம், மாசி வண்டி

ரெண்டாவது ப்ராஜெக்ட் ரிவ்யூக்கு நான் வரலைன்னு என் டீம்ல மூணு பேர் இன்னும் என்கிட்ட சரியா பேசல. "ஊர்ல வேலை"ன்னு மட்டும் குரூப்ல போட்டிருந்தேன். என்ன வேலைன்னு கேட்டாங்க. "வைக்கோல் ஏத்துறேன்"னு சொன்னேன். ஜோக் அடிக்கிறேன்னு நினைச்சு சிரிப்பு இமோஜி போட்டாங்க. இந்தக் கட்டுரையை அவங்களுக்கான பதில்னு வெச்சுக்கலாம். தமிழை செகண்ட் லாங்குவேஜா மட்டும் படிச்சவன் நான். ர, ற எங்கேயாவது மாறி விழுந்தா எடிட்டர் அக்கா திருத்திடுவாங்கன்னு நம்பி எழுதுறேன்.

எங்க ஊர் மன்னார்குடிப் பக்கம். நான் வளர்ந்தது திருச்சியில். ஊர்ல இருக்கிறது பெரியப்பா, பெரியம்மா, ஆறு ஏக்கர் நிலம், நாலு மாடு, அப்புறம் 1994-ல தாத்தா கடன் போட்டு வாங்கின ஒரு மாசி ஃபெர்குசன் 1035. முழுப் பேரை யாரும் சொல்ல மாட்டாங்க, "மாசி வண்டி"தான். மாசி மாசத்துல ஓடுறதால அந்தப் பேர் வந்துச்சுன்னு நான் ஏழாவது படிக்கிற வரைக்கும் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

இந்த வருஷம் பெரியப்பாகிட்ட வண்டி ஓட்டின அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டார். பெரியப்பாவுக்கு மூட்டு வலி, நாள் முழுக்க கிளட்ச் மிதிக்க முடியாது. "நீ மெக்கானிக்கல்தானே, ரெண்டு வாரம் போய் உதவி பண்ணு"ன்னு அப்பா அனுப்பினார். கிளம்பும்போது இன்னொரு வேலையும் கொடுத்தார். "அந்த வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டு வா. விக்கிறதுக்கு ஒரு ஆள் கேட்டிருக்கார். அண்ணன்கிட்ட நீ பக்குவமா பேசு." முப்பது வருஷ வண்டி, டயர் மாத்தணும், கிளட்ச் பிளேட் மாத்தணும், இதுக்கு மேல காசு போடுறது வீண்னு அப்பாவோட கணக்கு. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. ஜூலையில சென்னையில ஐடி கம்பெனியில சேரப் போறவனுக்கு டிராக்டர் எதுக்கு?

வைக்கோல்ல இவ்வளவு அவசரம் இருக்கும்னு எனக்குத் தெரியாது. எங்க பக்கம் சம்பா அறுக்கிறதுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடியே, நிக்கிற நெல்லுக்குள்ள உளுந்து தெளிச்சுடுவாங்க. மண்ணுல இருக்கிற ஈரத்துலயே அது முளைச்சு வந்துடும். அறுவடை மெஷின் நெல்லை எடுத்துக்கிட்டு வைக்கோலை அந்த முளை மேலேயே கொட்டிட்டுப் போகும். நாலு நாள் அது அப்படியே கிடந்தா கீழே உளுந்து வெளுத்துப் போயிடும். அதனால வைக்கோலை உடனே சுருட்டணும், உடனே வயலை விட்டு வெளியே ஏத்தணும். அதுக்காக விடியற்காலையில ஆரம்பிக்கவும் முடியாது. பனி காயணும். ஈரத்தோட சுருட்டினா கட்டு உள்ளுக்குள்ள சூடாகிக் கறுத்துப் போயிடும், மாடு மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்கும். (நல்லா காயாத புல்லை அடுக்கி வெச்சு, நுண்ணுயிர்கள் கிளப்புற சூட்டுல கொட்டகையே தானா தீப்பிடிச்ச கதை வெளிநாடுகள்ல நிறைய உண்டு.) ஆக, காலையில பத்து மணியிலேருந்து சாயங்காலம் பனி இறங்குற வரைக்கும்தான் நேரம். நடுவுல மேகம் கூடினா ஊரே வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கும்.

சுருட்டுற மெஷினை வாடகைக்குக் கொண்டு வந்தாங்க, புது ஐம்பது ஹெச்பி டிராக்டர்ல மாட்டி. எங்க வண்டி 36 ஹெச்பி, மூணு சிலிண்டர், சிம்சன் இன்ஜின். "நம்ம வண்டியில மாட்டினா சுருட்டாதா?"ன்னு கேட்டேன். பெரியப்பா சிரிச்சார். "சுருட்டும். ஆனா கிளட்ச் மிதிச்சா எல்லாம் நின்னுடும்."

அவர் சொன்னது புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆச்சு. எங்க வண்டி சிங்கிள் கிளட்ச். வைக்கோல் வரிசை ஒரு இடத்துல தடிமனா இருந்தா வண்டி நிக்கணும், ஆனா மெஷின் சுத்திக்கிட்டே இருந்து உள்ளே போனதைச் சுருட்டி முடிக்கணும். சிங்கிள் கிளட்ச்ல சக்கரத்தோட சேர்ந்து பிடிஓவும் நின்னுடும், மெஷின் அடைச்சுக்கும். டூயல் கிளட்ச்ல பாதி மிதிச்சா சக்கரம் மட்டும் நிக்கும், முழுசா மிதிச்சாதான் பிடிஓ நிக்கும். இதே விஷயத்துக்கு ஆட்டோமொபைல் பேப்பர்ல படம் வரைஞ்சு பாகம் குறிச்சு முழு மார்க் வாங்கியிருக்கேன். எதுக்காக அப்படி ஒரு கிளட்ச் பண்ணாங்கன்னு அன்னைக்கு வரப்புல நின்னுதான் தெரிஞ்சுது.

சுருட்டின கட்டை மெயின் ரோடு வரைக்கும் இழுக்கிறது எங்க வண்டியோட வேலை. எங்க தெருவுக்குள்ள லாரி வராது, கேரளாவுக்கு வாங்குற வியாபாரியோட லாரி மெயின் ரோட்டுலயே நின்னுடும். ஏக்கருக்கு சராசரியா 35 கட்டு வந்துச்சு. ஒரு கட்டு இருபது கிலோவுக்கு மேல. ஒரு நடைக்கு எழுபது கட்டு. மாட்டுக்கு வேண்டியதைக் கொல்லையில போர் போட்டுட்டு மிச்சமெல்லாம் லாரிக்கு. எங்களுது முடிஞ்சதும் பக்கத்து வயல்காரங்களுக்கு நடைக்கு இவ்வளவுன்னு வாடகை. அந்தக் காசுலதான் அறுவடை மெஷின் வாடகையைப் பெரியப்பா கட்டுறார்னு அப்பாவுக்குத் தெரியுமான்னு தெரியல. எனக்குத் தெரியாது.

முதல் ரெண்டு நாள் எனக்கு சுணைதான் பெரிய எதிரி. இந்த வார்த்தையே எனக்குப் புதுசு. கழுத்து, முழங்கை, இடுப்பு மடிப்புன்னு எங்கே வியர்வை இருக்கோ அங்கே போய் ஒட்டிக்கும். குளிச்சாலும் போகாது. பெரியம்மா தேங்காய் எண்ணெய் தடவி விட்டாங்க. மூணாவது நாள் பெரியப்பா சீட்டை விட்டு இறங்கி, "ஓட்டிப் பாரு"ன்னார்.

பழைய டிராக்டருக்குன்னு சில பழக்கம் இருக்கு. பேட்டரியை நம்ப முடியாததால ராத்திரி எப்பவும் களத்து மேட்டுலதான் நிறுத்துவோம், காலையில உருட்டி விட்டு ஸ்டார்ட் பண்ணலாம். இன்ஜினை நிறுத்த ஒரு கம்பியை இழுக்கணும். டீசல் தீர்ந்து நின்னா, ஊத்தின உடனே ஓடாது, ஸ்குரூவைத் தளர்த்தி ஏர் எடுக்கணும். அதையும் ஒரு நாள் பண்ணிப் பார்த்தேன், கையெல்லாம் டீசல். உளுந்து வயல்ல போன தடத்துலயேதான் திரும்பி வரணும், ஒரு அடி விலகினாலும் பெரியப்பா கத்துவார். வரப்போரம் குறுகலாத் திருப்ப இடது, வலது பிரேக்கைத் தனித்தனியா மிதிக்கணும். இடது பெடலை மிதிச்சா இடது பின்சக்கரம் நிக்கும், வண்டி அதை மையமா வெச்சு சுழலும். கார் மட்டும் ஓட்டினவனுக்கு அது ஒரு மேஜிக். ரோட்டுல ஏறினதும் ரெண்டு பெடலையும் ஒரு சின்ன இரும்புத் தாழ்ப்பாளால சேர்த்துப் பூட்டிடணும். பெரியப்பா இதை மட்டும் தினமும் சொன்னார்.

ராத்திரியில ஃபெர்குசன் யாருன்னு தேடிப் படிச்சேன். ஹாரி ஃபெர்குசன், அயர்லாந்துக்காரர். அந்தக் காலத்து டிராக்டர்ல கலப்பை ஏதாவது கல்லுல மாட்டினா முன்பக்கம் தூக்கி, வண்டி பின்னால கவிழ்ந்து ஓட்டுறவர் மேலேயே விழும். கலப்பையை மூணு புள்ளியில இணைச்சு, அது இழுக்கிற விசையே முன்சக்கரத்தைத் தரையில அழுத்துற மாதிரி பண்ணவர் இவர்தான். இன்னைக்கு எந்த டிராக்டரைப் பார்த்தாலும் பின்னாடி அந்த மூணு புள்ளி இருக்கும். 1938-ல ஹென்றி ஃபோர்டோட வெறும் கைகுலுக்கல்ல ஒப்பந்தம் போட்டார். ஃபோர்டோட பேரன் காலத்துல அது முறிஞ்சு கோர்ட்டுக்குப் போச்சு, 1952-ல 92.5 லட்சம் டாலர் வாங்கினார். அவரோட சின்ன டிராக்டருங்கள்லதான் ஹிலாரி 1958 ஜனவரியில தென் துருவம் போனார். பெரியப்பாகிட்ட சொன்னேன். "அங்க ரோடு நல்லா இருந்திருக்கும்"னார்.

ஆறாவது நாள் கடைசி நடை. வெளிச்சம் போயிக்கிட்டிருந்துச்சு. வயல்ல இடது பெடலை மிதிச்சு வளைச்சு வெளியே வந்தேன். லாரிக்காரர் போன் மேல போன். வாய்க்கால் பாலம் ஏறி இறங்கணும். லோடு கட்டுற அண்ணன் மேலே கயிறைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார், லோடு மேல ஆள் ஏறக் கூடாதுன்னு யாருக்கும் தெரியாம இல்ல. இறக்கத்துல எதிரே ஒரு பைக். கார் ஓட்டுற பழக்கத்துல கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதிச்சேன். கிளட்ச் மிதிச்சதும் இன்ஜின் பிடிச்சிருந்ததும் போச்சு. டிரெய்லருக்கு பிரேக் கிடையாது, ஒன்றரை டன் பின்னாலேருந்து தள்ளுது. என் கால் விழுந்தது இடது பெடல்ல மட்டும். தாழ்ப்பாள் போடல.

இடது சக்கரம் நின்னுச்சு. வண்டி இடது பக்கம் சுழன்று வாய்க்கால் கரையில இருந்த புங்கமரத்துல மோதி நின்னுச்சு. கயிறு அறுந்து இருபது கட்டு வாய்க்காலுக்குள்ள போச்சு. கூடவே அண்ணனும். மேட்டூர் மூடி, வாய்க்கால்ல முழங்கால் அளவு சேறுதான். கட்டு மேலேயே விழுந்ததால தலையில அடி இல்ல. இடது மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. "ஒண்ணுமில்ல தம்பி, ஒண்ணுமில்ல"ன்னு அவர்தான் எனக்குச் சொல்லிக்கிட்டிருந்தார்.

மாவுக்கட்டு போட்டுட்டு வர ராத்திரி பதினொரு மணி. அப்பா போன் பண்ணார். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவரே சொன்னார்: "பழைய வண்டி, பிரேக் பிடிச்சிருக்காது. இதுக்குத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அண்ணன்கிட்ட இனியும் கேட்க வேண்டாம், வித்துடலாம்."

நான் ஒண்ணும் சொல்லல.

பெரியப்பா பக்கத்துல உட்கார்ந்திருந்தார். போனை வெச்சதும் "தாழ்ப்பாள் போட்டிருந்தியா?"ன்னு ஒரு தடவை கேட்டார். "போட்டேன்னுதான் நினைக்கிறேன்"னேன். சரின்னு எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார்.

ரெண்டு நாள் அப்படியே போச்சு. பக்கத்து வீட்டு டிராக்டரைக் கேட்டு மிச்ச கட்டை இழுத்தாங்க. வந்தவங்க எல்லாரும் வண்டியைப் பார்த்து, "வயசாயிடுச்சு, என்ன பண்ணும்"னு சொல்லிட்டுப் போனாங்க. ஃப்ரீ பாடி டயக்ராம் போட்டா யார் மேல தப்புன்னு ரெண்டு நிமிஷத்துல தெரியும். வண்டிக்குப் பேச வாய் இல்லைங்கிறது எனக்கு வசதியா இருந்துச்சு.

மூணாவது நாள் காலையில அப்பா சொன்ன போட்டோ எடுக்கப் போனேன். முன்பக்கம், பின்பக்கம், மீட்டர். பெடலை எடுக்கும்போது தாழ்ப்பாள் பிரிஞ்சே தொங்கிக்கிட்டிருந்துச்சு. மூணு நாளா அதை யாரும் தொடல. அப்பாவுக்கு போன் பண்ணி சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு "சரி, வை"ன்னார். அண்ணன் வீட்டுக்குப் போனேன். போன் வாங்க சேர்த்து வெச்சிருந்த பதினெட்டாயிரத்தை நீட்டினேன். அக்கா வாங்கிக்கிட்டாங்க. அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டு, "ரெண்டு மாசம் ஒத்தைக் கையால என்ன வேலைக்குப் போறது"ன்னு சுவரைப் பார்த்து சொன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. இப்பவும் இல்ல.

கடைசியா பெரியப்பாகிட்ட சொன்னேன். அவர் களத்துல கயிறு திரிச்சுக்கிட்டிருந்தார்.

"தெரியும்டா. மறுநாள் காலையிலேயே பாலத்துல போய்ப் பார்த்தேன். ரோட்டுல டயர் தேய்ஞ்ச கோடு ஒண்ணுதான் இருந்துச்சு. பிரேக் பிடிக்கலன்னா கோடே இருக்காது. சேர்த்துப் பிடிச்சிருந்தா ரெண்டு இருக்கும்."

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன்."

சாயங்காலம் சாவியை எடுத்துக் கொடுத்தார். மரத்துல மோதினதுல முன் பம்பர் வளைஞ்சதைத் தவிர வண்டிக்கு ஒண்ணும் ஆகல. மிச்சம் நாலு நாள் நான்தான் ஓட்டினேன், ஆனா பாலத்துல இறங்குறப்ப லோ கியர்ல கிளட்ச் பக்கமே கால் போகாது. மேலே யாரையும் உட்கார விடல. அண்ணன் ரெண்டு நாள் மாவுக்கட்டோட வந்து புங்கமரத்தடியில நின்னார். வண்டி பாலத்துக்கு வர்றதுக்குள்ள கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, கிட்ட வந்து குனிஞ்சு பெடலைப் பார்த்துட்டுத்தான் விட்டார். என்கிட்ட எதுவும் பேசல.

வண்டியை விக்கிறதா இல்லையான்னு இன்னும் முடிவாகல. போட்டோவை அப்பாவுக்கு அனுப்பிட்டேன், கூடவே இந்த சீசன் நடை வாடகைக் கணக்கையும். மூணாவது ரிவ்யூ 14-ம் தேதின்னு கேள்விப்பட்டேன். கண்டிப்பா வந்துடுவேன்டா, ரிப்போர்ட்ல என் பேரை எடுத்துடாதீங்க.