நான்கு சுழலிகள், ஓர் எடைக் கணக்கு

வீட்டில் கட்டப்படும் ரிமோட் சுழலி விமானத்துக்கு எந்த மோட்டார், எந்த பேட்டரி என்று யோசிப்பதற்கு முன் முடிவாக வேண்டியது அதன் எடை. பேட்டரி உட்பட எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு எத்தனை கிராம் வரும் என்று தெரிந்தால்தான் மற்ற பாகங்களைத் தேட முடியும். கட்டுபவர்கள் கைக்கொள்ளும் விதி எளிது: எல்லா மோட்டார்களும் முழு வேகத்தில் தரும் உந்துவிசை, மொத்த எடையைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். அந்தரத்தில் நிற்பதற்கே பாதி போய்விடும். மேலேறவும், காற்றை எதிர்க்கவும், சாய்ந்தால் நிமிரவும் மீதிப் பாதி வேண்டும்.

ஒற்றைச் சுழலி கொண்ட மாதிரி ஹெலிகாப்டர் இன்றும் கடினமான இயந்திர வேலைதான். அதன் இறக்கை ஒவ்வொரு சுற்றிலும் தன் கோணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கான ஸ்வாஷ் பிளேட்டும் இணைப்புத் தண்டுகளும் துளியும் ஆட்டமில்லாமல் அமைய வேண்டும். 1960களின் இறுதியில் அந்த வேலையில் முன்னோடியாக விளங்கியவர் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர். நான்கு சுழலி விமானத்தில் இந்தச் சிக்கல் இல்லை. இறக்கைகளின் கோணம் மாறாது. மோட்டார்களின் வேகம் மட்டுமே மாறும். இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் சுற்றுவதால், உடலைத் திருப்பப் பார்க்கும் விசைகள் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை சாய்வை அளந்து திருத்தும் வேலையை ஒரு கைரோ சில்லும் சிறு கணினிப் பலகையும் பார்த்துக்கொள்கின்றன. செல்பேசிகளின் பெருக்கத்தால் அந்தச் சில்லுகள் மலிவான பிறகே இது வீட்டு மேசையில் செய்யக்கூடிய வேலையானது.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் மின்னணுப் பாகங்களைத் தேடி வருபவர்களில் இந்த வேலையில் இறங்கிய பொறியியல் மாணவர்களும் உண்டு. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தின் தக்‌ஷா குழு, நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்தபோது, 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. முதல் விமானம் கட்டும் மாணவருக்கும் அத்தகைய குழுவுக்கும் கணக்கின் வரிசை ஒன்றே: சட்டகம், இறக்கை, மோட்டார், வேகக் கட்டுப்படுத்தி, பேட்டரி, பிறகு மீண்டும் எடை.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு எஃப்450 வகைச் சட்டகம் பொருத்தமானது. எதிரெதிர் மோட்டார்களுக்கு இடையே 450 மில்லிமீட்டர். சட்டகத்தின் எடை சுமார் 280 கிராம். கைகள் நைலான். விழுந்தால் பெரும்பாலும் ஒரு கைதான் உடையும். அதை மட்டும் கழற்றி மாற்றலாம். இந்தச் சட்டகத்தில் பக்கத்து மோட்டார்களின் இடைவெளி 318 மில்லிமீட்டர். 10 அங்குல இறக்கை 254 மில்லிமீட்டர். இரண்டு முனைகளுக்கும் நடுவே 64 மில்லிமீட்டர் மிஞ்சும். 12 அங்குலம் போட்டால் மிஞ்சுவது 13 மில்லிமீட்டர்தான். ஆகவே இறக்கையின் அளவைச் சட்டகமே தீர்மானித்துவிடுகிறது.

10×4.5 என்று இறக்கையில் அச்சிட்டிருப்பதில் முதல் எண் விட்டம். இரண்டாவது எண், திடப்பொருளில் திருகு ஏறுவதுபோல் ஏறினால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. ஒரே உந்துவிசையை, பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றிக் குறைந்த மின்சாரத்தில் தரும். சிறிய இறக்கை வேகமாகச் சுற்றி அதிக மின்சாரத்தில் தரும். நின்று பறக்கும் விமானத்துக்கு முன்னது, பந்தய விமானத்துக்குப் பின்னது.

மோட்டாரை இறக்கைக்கு ஏற்பத்தான் தேர்வு செய்ய வேண்டும். 2212 என்ற எண், உள்ளிருக்கும் கம்பிச்சுருள் பகுதியின் விட்டம் 22 மில்லிமீட்டர், உயரம் 12 மில்லிமீட்டர் என்று சொல்கிறது. 920 கேவி என்றால், சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 920 சுற்று. 11.1 வோல்ட்டில் அது பத்தாயிரத்தைத் தாண்டும். கேவி கூடினால் நல்ல மோட்டார் என்று நினைத்து 2200 கேவி மோட்டாரில் 10 அங்குல இறக்கையை மாட்டினால், அது இழுக்கும் மின்சாரத்தில் சுருள் கருகிவிடும். 920 கேவி மோட்டார் அதே இறக்கையுடன் முக்கால் கிலோவுக்கு மேல் உந்துவிசை தரும்.

ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு வேகக் கட்டுப்படுத்தி வேண்டும். கடைகளில் இதை இஎஸ்சி என்பார்கள். பேட்டரியின் நேர்மின்சாரத்தை மூன்று கம்பிகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்து மோட்டாரைச் சுற்றவைப்பது இதுதான். இந்த மோட்டார் முழு வேகத்தில் இழுப்பது 15 ஆம்பியருக்குள். 20 அல்லது 30 ஆம்பியர் தாங்கும் இஎஸ்சி போதும். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால், மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

பேட்டரி லித்தியம் பாலிமர் வகை. ஒரு செல் 3.7 வோல்ட், மூன்று செல் அடுக்கு 11.1 வோல்ட். 2200 மில்லி ஆம்பியர்-மணி, 25சி என்றிருந்தால் அது தரக்கூடியது 2.2 பெருக்கல் 25, அதாவது 55 ஆம்பியர். நான்கு மோட்டார்கள் தலா 12 ஆம்பியர் இழுத்தாலும் 48தான். முழுச் சார்ஜில் செல்லுக்கு 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செல் கெட்டுவிடும். நீண்ட நாள் வைத்திருப்பதானால் 3.8 வோல்ட்டில் நிறுத்த வேண்டும். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போடவே கூடாது, அது தீப்பிடிக்கும்.

இப்போது எடைக்குத் திரும்பலாம். சட்டகம் 280, மோட்டார்கள் 220, இஎஸ்சிகள் 110, பேட்டரி 185, இறக்கைகள் 45, கட்டுப்பாட்டுப் பலகையும் ஜிபிஎஸ்ஸும் 75, ரிசீவரும் கம்பிகளும் 80 கிராம் என்று கொண்டால் ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவு. உந்துவிசை 3 கிலோவைத் தாண்டுவதால் சிறிய கேமராவும் ஏற்றலாம். அந்தரத்தில் நிற்க ஏறத்தாழ 12 ஆம்பியர் போகும். பேட்டரியில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் செலவிட்டால் எட்டு, ஒன்பது நிமிடம் பறக்கும். இரட்டிப்புப் பேட்டரி போட்டாலும் நேரம் இரட்டிப்பாகாது; கூடிய எடையைத் தூக்கவே ஒரு பங்கு போய்விடும்.

கட்டுப்பாட்டுப் பலகையில் சூரிச் ஈடிஎச் மாணவராக இருந்த லோரன்ஸ் மையர் தொடங்கிய பிக்ஸ்ஹாக் வழிவந்தவை பரவலாகப் புழங்குகின்றன. அதில் ஆர்டுபைலட் என்ற திறந்த மென்பொருளை ஏற்றலாம். உயரம் காட்டும் காற்றழுத்த உணரியின்மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் இறக்கைக் காற்று பட்டே உயரக் கணக்கு தடுமாறும்.

கைத்திறன் முழுவதும் தெரிவது சால்டரிங்கில். பேட்டரியின் தடித்த கம்பி வெப்பத்தை உறிஞ்சிவிடும். 25 வாட் இரும்பு அதற்குப் போதாது, 60 வாட் வேண்டும். பழகிய கை முதலில் கம்பி முனைக்கும் கனெக்டர் கிண்ணத்துக்கும் தனித்தனியே ஈயம் பூசும். பிறகு கிண்ணத்தில் ஈயம் உருகும்போது கம்பியை இறக்கி, அது உறையும்வரை அசையாமல் பிடிக்கும். 60/40 ஈயம் பளபளவென்று உறைந்தால் ஒட்டு நல்லது. மங்கிப் பொரிந்திருந்தால் மீண்டும் உருக்க வேண்டும். அந்த ஒட்டு பறக்கும்போது அதிர்வில் விடும்.

பேட்டரியை முதன்முறை இணைக்கும் முன், மல்டிமீட்டரால் நேர்முனையும் எதிர்முனையும் தொடவில்லை என்று சோதிப்பது வழக்கம். அதன்பின் 12 வோல்ட் கார் பல்பைத் தொடரிணைப்பில் வைத்து இணைப்பார்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், பலகைகள் பிழைக்கும். மோட்டார் சுற்றும் திசையைப் பார்ப்பது, இஎஸ்சிகளை ரிமோட்டுக்குப் பழக்குவது எல்லாம் இறக்கைகளை மாட்டாமல்தான் நடக்க வேண்டும். பத்து அங்குல இறக்கை விரலைத் துண்டாக்கக்கூடியது. இறக்கைகளையும் ஒரு மெல்லிய தண்டில் நிறுத்திச் சமநிலை பார்க்க வேண்டும். கனமான பக்கம் தாழும். எதிர்ப்பக்கத்தில் சிறு துண்டு செல்லோ டேப் ஒட்டினால் சரியாகும்.

இந்தியாவின் 2021 டிரோன் விதிகளில் 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையிலானது மைக்ரோ வகை. இந்த விமானம் அதில் அடங்கும். வணிக நோக்கமில்லாமல் மைக்ரோ வகையைப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை என்கின்றன அவ்விதிகள். விமான நிலையச் சுற்றுவட்டாரத்துக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. 2022 பிப்ரவரியில் முழு டிரோன்களின் இறக்குமதிக்கு, சில விலக்குகளுடன், தடை வந்தது. பாகங்களுக்குத் தடை இல்லை.

முதல் பறப்பு திறந்த மைதானத்தில், காற்றில்லாத காலையில், ஆள் உயரத்துக்கு மேல் போகாமல் இரண்டு நிமிடம் போதும். இறக்கியதும் பேட்டரியைக் கழற்றி, மோட்டார்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் அந்தக் கையில் பேரிங்கோ ஒட்டோ சரியில்லை. நான்கும் சுட்டால் இறக்கை பெரிது, அல்லது எடை அதிகம். பிறகு பேட்டரியைச் சார்ஜ் போட்டு, உள்ளே போன மில்லி ஆம்பியர்-மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு நிமிடத்துக்குச் சுமார் 400 போயிருந்தால் மேசையில் போட்ட 12 ஆம்பியர் கணக்கு சரி. மிக அதிகமாகப் போயிருந்தால் விமானத்தைத் தராசில் வைத்து மீண்டும் எடை பார்க்க வேண்டும்.