உகிமடத்து வீதியிலே

வடநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் ஐந்தனுள் ஒன்றாகிய திருக்கேதாரத்தைத் திருஞானசம்பந்தரும் சுந்தரரும் திருக்காளத்தியிலிருந்தே பாடிப் பரவினர் எனப் பெரியபுராணம் கூறும். அவர்கள் அகக்கண்ணாற் கண்டதை ஊனக்கண்ணாற் காணவேண்டுமென்பது அடியேனது நெடுநாள் விழைவு. ஆயின் 68 ஆம் வயதில், 11,700 அடிக்கு மேலுள்ள அத்தலத்திற்கு ஏற மூச்சு இடந்தரவில்லை. ஆகவே, இறைவன் கீழே எழுந்தருளுங் காலம் பார்த்து உகிமடத்திற்குச் சென்றேன்.

உகிமடம் மந்தாகினிப் பள்ளத்தாக்கின் சரிவில் அமைந்த சிறு மலையூர். எதிர்ச்சரிவிற் குப்தகாசி; வடபாற் பனிமூடிய சௌகம்பா. தீபாவளியை அடுத்த துவிதியையன்று கேதாரத் திருக்கோயில் திருக்காப்பிடப்பெறும். உற்சவத் திருமேனி பல்லக்கில் எழுந்தருளி, மூன்றாம் நாள் இவ்வூர் ஓங்காரேசுவரர் கோயிலை அடையும். பனிக்கால வழிபாடு முழுதும் இங்கேயே. கேதாரத்தின் தலைமைக் குரவராகிய இராவல், தென்னாட்டு வீரசைவ மரபினராக இருப்பது வழக்கம். அவரது இருக்கையும் இவ்வூரே.

விடியற்காலையில் வீதியில் நடந்தேன். இடையில் அரிவாள் செருகிய பெண்டிர் முதுகிற் புற்கட்டுச் சுமந்து கற்படிகளில் ஏறினர். கடைகளிற் கேழ்வரகும் குதிரைவாலியும் கண்டு நம் நாட்டு நினைவு எழுந்தது. மண்டுவா, ஜங்கோரா என்பன அவற்றிற்கு அவர்கள் வழங்கும் பெயர்கள். மிச்சக் காசு தருவோரும் "ஜய் கேதார்" என்றே தந்தனர்.

ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தேன். கடைக்காரர் முதியவர். 2013 சூன் திங்களிற் கேதாரத்தில் நேர்ந்த பெருவெள்ளத்தைப் பற்றிப் பேச்செழுந்தது. யாத்திரைக் காலத்து ஊதியத்தை நம்பி மேலே சென்றிருந்த இப்பக்கத்து ஆடவர் பலர் மீளவில்லை. கோவேறு கழுதை ஓட்டச் சென்ற தம் மகனும் அவருள் ஒருவன் என்றார், உடலுங் கிடைத்திலதாம்.

வினைப்பயனைப் பற்றி அடியேன் கற்றனவெல்லாம் நாநுனிவரை வந்தன. அவர் முகத்தை நோக்கியதும் வாய் அடைத்தது. நூல் கூறுவது பொய்யன்று. ஆயினும் பிறர் துயரின்மேல் அதனை எடுத்துவைக்க எனக்கு என்ன உரிமை?

அப்பொழுது முழவொலி கேட்டது. கொதிக்குந் தேநீரை அடுப்பிலேயே விட்டு, கைகழுவி, மலரேந்தி வெளியே ஓடினார். பல்லக்குக் கடைவாயிலைக் கடந்தபோது மலர் தூவி நிலத்தில் வீழ்ந்து வணங்கினார். எழுந்தவரிடம், "உங்களுக்கு அவர்பால் மனக்குறை இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபின் நாணினேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அன்றிரவு என் மகனருகில் நான் இருக்கவில்லை; அவர் இருந்தார்," என்றார். அடுப்பின் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்பர்களே, அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழுக என்பது சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் கருத்து. அதனைப் பல்லாண்டு பிறர்க்கு விரித்துரைத்தவன் அடியேன். அம்முதியவரிடம் திருநீறுமில்லை, கண்டிகையுமில்லை. புகைபடிந்த கம்பளிச் சட்டையே இருந்தது. பல்லக்கை வணங்கிய கைகளால் அவரையும் வணங்கினேன். கேதாரம் ஏறவில்லையே என்னுங் குறை அன்றோடு தீர்ந்தது.